வராமல் போனவர்

அத்தையின் கோப்பில் கடைசி வரி இதுதான்: 'நோயாளி தொடர் சிகிச்சைக்கு வரவில்லை.' கீழே ஒரு தேதி, ஒரு முத்திரை. அந்தத் தேதிக்குப் பிறகும் அவர் பதினோரு மாதம் வாழ்ந்தார். கச்சிராயபாளையத்தில், தன் வீட்டில் இறந்தார். அறுவை செய்த மருத்துவமனைக்கு அது தெரியாது.

கோப்பைத் தேடி நான் போனது எனக்காகத்தான். மார்பகப் பரிசோதனைக்குப் போன இடத்தில், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். அப்பாவின் அக்காவுக்கு என்றேன். (அப்பா வழி உறவு இதில் கணக்கில்லை என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. தவறு. மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும்.) பழைய காகிதங்கள் இருந்தால் நல்லது என்றார் மருத்துவர்.

கட்டியைப் பற்றி அத்தை முதலில் சொன்னது என்னிடம். "மாருல கல்லு மாரி ஒண்ணு இருக்குது பாப்பா. உங்கப்பங்கிட்ட சொல்லிடாத." அதைச் சொல்லவே அவருக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. அறுவை முடிந்தது. பிறகு கீமோ, அதன்பின் கரண்டு வைக்க வாரக்கணக்கில் நகரத்தில் தங்க வேண்டும். அப்போது மரவள்ளி பிடுங்கும் காலம். மருமகளுக்கோ ஒன்பதாம் மாதம். "புள்ள பொறக்கட்டும், போய்க்கலாம்" என்றார். போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் அழைத்துப் போகவுமில்லை. நானும் இல்லை, அப்போது என் ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

அந்த மருத்துவமனையின் வரவேற்பறையில் ஒரு பலகை. அங்கே மார்பக அறுவை செய்துகொண்ட பெண்களில் ஐந்து ஆண்டு கடந்தும் வாழ்பவர்கள் எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பெருமைப்படத்தக்க எண்தான். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பிரதியில் யார் பேசுகிறார் என்பதோடு யார் விடுபட்டிருக்கிறார் என்றும் பார்க்கப் பழகியவள் நான். எண்ணும் ஒரு பிரதிதானே.

இந்த வீதத்தைக் கணக்கிடப் பெரிதும் பயன்படும் முறை 1958இல் காப்லான், மையர் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் வகுத்தது. நடுவில் வராமல் போனவரைக் கடைசியாக வந்த நாள்வரை கணக்கில் வைத்து, பிறகு எடுத்துவிடுவார்கள். தொடர்ந்து வருபவர்களுக்கு நேர்வதுதான் அவருக்கும் நேரும் என்பது அனுமானம். இப்படி எடுக்கப்பட்டவருக்கு ஆங்கிலத்தில் பெயர் 'சென்ஸார்டு'. தணிக்கை செய்யப்பட்டவர்! 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலைப் பார்த்த தலைமுறை நாங்கள். தணிக்கை என்பது எங்கள் கவிதைகளுக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன்.

அனுமானம் அமெரிக்காவில் எப்படியோ, கல்வராயன் மலையில் நிற்காது. உடம்பு தேறியதால் வராதவர்களும் உண்டுதான். ஆனால் பேருந்து ஏற முடியாத அளவு நோய் முற்றியதால், கூட வர ஆள் இல்லாததால், கூலி போய்விடும் என்பதால் வராதவர்கள்? வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, மலையாளி பழங்குடிப் பெண், பேருந்துக்கே ஒன்றரை மணிநேரம் நடப்பவள். அவள் சின்னம்மா 'நெஞ்சுச் சீக்கில்' போனதாகச் சொல்வாள். மார் என்று சொல்லக் கூச்சப்பட்டு நெஞ்சு என்றார்களா, உண்மையிலேயே நெஞ்சுவலியா? எந்தக் காகிதமும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் விடுபட விடுபட, பலகையில் எண் உயரும்.

இதே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ஒவ்வொரு சாவும் மணிக்கு மணி எண்ணப்பட்டது. எண்ணியதால்தான் கேள்வி கேட்க முடிந்தது. ஒவ்வொருவராக, ஒவ்வொரு ஊரில், அறைக்குள் சாகிற பெண்களுக்கு அப்படியொரு எண்ணிக்கை வாய்ப்பதில்லை.

எண்ண முடியாதது அல்ல இது. அறுவையின் பலனை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1920களிலேயே பாடுபட்டவர் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர். அவருடைய 1928 அறிக்கை, நோய் பரவுமுன் அறுவை செய்துகொண்ட பெண்களே அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டியது. (அடுத்த ஆண்டு திருமணம், அத்தோடு அவர் ஆய்வு வாழ்க்கை முடிந்தது. அவரையும் வராமல் போனவர் பட்டியலில் சேர்க்கலாம்.) இங்கே, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் பிறந்தது அடையாறு புற்றுநோய் நிலையம். அது நடத்தும் சென்னைப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து, நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகிறது, வீடு தேடிப் போய் விசாரிக்கிறது. அப்படித் தேடும்போது வீதம் குறையும். குறைந்த அந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

2018இல் வெளியான கான்கார்டு-3 என்ற உலக ஆய்வில், 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் இந்தியாவில் 66 சதவீதம், அமெரிக்காவில் 90. இந்திய எண்ணுக்கு ஆதாரம் ஒருசில பதிவேடுகள் மட்டுமே. இடையிலுள்ள 24ஐ மருத்துவரின் கத்தி மட்டும் தீர்மானிக்கவில்லை. அத்தை பேசாமலிருந்த எட்டு மாதமும் மரவள்ளிக் காடும் அதற்குள் இருக்கின்றன.

கோப்பை நகலெடுத்துக் கொடுத்த பெண்ணிடம் அத்தை இறந்த தேதியைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டினார். அதை எழுத அதில் கட்டம் இல்லை. "ஓரத்துல எழுதிக்கறேங்க மேடம்" என்று பென்சிலை எடுத்தார்.