நனைத்துக் கொடுத்த நன்மை

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் செராப்பியோன் என்றொரு கிழவர். தேசியு பேரரசன் கிறிஸ்தவர்களை வதைத்த 250-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். சோதனையில் தளர்ந்து ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். பிறகு தம்மைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி எவ்வளவு கெஞ்சியும் சபையார் காது கொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவர், நான்காம் நாள் சற்றே தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் குருவிடம் அனுப்பினார். இரவு நேரம், குருவுக்கும் உடம்பு முடியவில்லை. நற்கருணை அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தா வாயில் சொட்டாக விடு என்று சொல்லியனுப்பினார்.

இதை எழுதியவர் அந்நகர ஆயர் தியோனீசியு. யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காப்பாற்றி வைத்திருக்கிறார். தவறியவரைச் சேர்க்கலாமா கூடாதா என்ற பெரிய வழக்குக்காக எழுந்த கடிதம் அது. அதன் நடுவே, வறண்ட தொண்டையில் அப்பம் எப்படி இறங்கும் என்ற கவலையும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் அழகு.

அந்தக் கவலை இன்றும் மாறவில்லை. நம் ஊர்ப் பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று சாமியார் நற்கருணைச் சிமிழோடு வீடு வீடாகப் போவார். கட்டிலருகே சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, டம்ளரில் தண்ணீர். வர்த்தி அணையாதிருக்க யாராவது மின்விசிறியை நிறுத்துவார்கள். முழு அப்பம் விழுங்க முடியாதவருக்கு ஓர் ஓரத்தைக் கிள்ளிக் கரண்டித் தண்ணீரில் இட்டுக் கொடுப்பார். துணுக்கிலும் முழுக் கிறிஸ்துவே இருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பெரிய பெரிய இறையியலாளர்கள் மல்லுக்கட்டிய பாடம், கட்டிலருகே எவ்வளவு கைகொடுக்கிறது! அதுவும் இறங்காதென்றால் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கவும் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டு.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்குமுன் சொல்லும் செபத்தையும் இங்கேதான் கேட்க வேண்டும். ஆண்டவர் தன் வீட்டுக்குள் வரத் தான் தகுதியற்றவன் என்பது, கப்பர்நாகூமில் நோயுற்ற ஊழியனுக்காக நூற்றுவர் தலைவன் சொன்னது. கோயிலில் அது உருவகம். இங்கே கூரையும் உண்டு, நோயாளியும் உண்டு; அந்த வார்த்தை புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்தது போலிருக்கும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு சட்ட விதி. நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்து ஆவணம் ஒன்று நோயாளிக்கும் முதியவருக்கும் அதைக் கால் மணியாகக் குறைத்தது. 1983-இன் திருச்சபைச் சட்டம் அந்தக் கால் மணியையும் எடுத்துவிட்டது. சலுகை அவர்களோடு நிற்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உண்டு. இரவெல்லாம் விழித்து, கஞ்சி ஊட்டி, மிச்சத்தைத் தான் குடித்துவிட்டு நிற்கும் மகளை, அந்தச் சட்டத்தை எழுதியவர் எங்கோ பார்த்திருக்க வேண்டும். பழகிய சாமியார் அதனால்தான் கிளம்புமுன் போனில் கேட்டுக்கொள்வார்: "நன்மை எத்தனை பேருக்கும்மா?"