வழுக்கும் பாசியும் ஆடும் மயிலும்: மலைபடுகடாம் காட்டும் நெடுவழி நடை

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றுப்படை நூல்களில் வழி பற்றிய பகுதி, புரவலன் புகழுக்கு முன்னுரையாக அமையும் வருணனை என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. மலைபடுகடாத்தில் வழிநடையின் இடரும் இன்பமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன அல்ல என்பதையும், அவை ஒரே இடத்தில், ஒரே பொருளில் பொதிந்து கிடப்பன என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது. பெரும்பாணாற்றுப்படை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் வழிநடைப் பகுதிகள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, மலைபடுகடாம், கூத்தர், வழிநடை, இடர், விருந்தோம்பல்

முன்னுரை

பரிசில் பெற்றோர் பெறாதோர்க்கு வழிகாட்டுதல் என்பது ஆற்றுப்படைக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் வழியாக வழங்கிவரும் இலக்கணம். வகுப்பறையிலும் கையேடுகளிலும் இவ்விலக்கணமே நூலின் சுருக்கமாகவும் ஆகிவிடுகிறது. வறுமையுற்ற கலைஞன், வளம் பெற்ற கலைஞன், வள்ளல் என்னும் மூவரை நினைவில் நிறுத்தினால் நூலை அறிந்துகொண்டதாக மாணவர் கருதுகின்றனர். இடையிலுள்ள ‘ஆறு’ இவ்விலக்கணத்தில் பெயரளவில் மட்டுமே நிற்கிறது.

இந்நிலை பிற ஆற்றுப்படைகளைவிட மலைபடுகடாத்திற்கே மிகுந்த இழப்பை விளைவிக்கிறது. 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டில் பெரும்பகுதி நடைக்கே உரியது. எங்கே கால் வழுக்கும், எப்பொழுது புறப்பட வேண்டும், எதைக் கண்டால் விலக வேண்டும், யார் வீட்டில் கேளாமலே நுழையலாம் என்பனவற்றைப் பாட்டு நுணுக்கமாக எடுத்துரைக்கிறது. இந்நுணுக்கத்தின் பயன் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

பாட்டும் களமும்

இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன், செங்கண்மாவைத் தலைநகராகக் கொண்டு பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் எனவும், பாட்டில் வரும் நவிரமலை பருவதமலை எனவும் கொள்ளப்படுகின்றன. சேயாறு இன்றும் செய்யாறு என்னும் பெயரோடு ஓடுகிறது. உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இப்பாட்டு பரவலான வாசிப்பிற்கு வந்தது.

நடப்போர் தனியர் அல்லர். முழவு, ஆகுளி, கொம்பு, குழல் முதலிய கருவிகளைப் பைகளில் சுமந்த கூத்தர், விறலியர், சிறுவர் அடங்கிய சுற்றம் அது. விறலியின் அடியை ஓடித் தளர்ந்த நாயின் நாவோடு ஒப்பிடும் உவமை இங்கும் வருகிறது. பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் காணப்படும் மரபுவழி உவமையே இது. ஆயினும் மலைப்பாதையின் கல்லும் முரம்பும் பின்னர் விரியும் இப்பாட்டில், அவ்வடியின் தளர்ச்சி வெறும் மரபாக நின்றுவிடாமல் நூல் முழுதும் வரும் அறிவுரைகளுக்குக் காரணமாகிறது. நடக்க வேண்டியது அந்த அடிதான்.

இடர்களின் இயல்பு

பாட்டில் கூறப்படும் இடர்களை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது வகை இயற்கையால் வருவது. பரற்கற்களிடையே பாம்பு ஒடுங்கும் குழிகள் உள்ளன. அவ்விடங்களைக் குறித்துக்கொண்டு, விறலியர் கைதொழுது வாழ்த்த, சற்று விலகிச் செல்ல வேண்டும். விழுந்தோரை மறைத்துவிடும் ஆழ்ந்த கயத்தின் அருகே பாசி அடியைத் தளரச் செய்யும். மூங்கிலையும் நாணல்போன்ற மெல்லிய கோல்களையும் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும். வேறோரிடத்தில் கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துச் சிறுவர்களோடு ஒருவரை ஒருவர் காத்து நடக்க வேண்டும். விழுந்த மரம்போல் வழியின் குறுக்கே கிடப்பது மலைப்பாம்பாக இருக்கக்கூடும்.

இரண்டாவது வகை மனிதரால் வருவது. விளைபுனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் நுழைவழிதோறும் கற்பொறிகளை வைத்துள்ளனர். ஆதலால் இருளில் நடவாமல் விடியும்வரை தங்கிச் செல்ல வேண்டும். பரண்மீதிருந்து யானையை விரட்ட எறியும் கவண்கல் கூற்றுவனைப் போல் விரைந்து வரும். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்ல வேண்டும்.

இவ்விரண்டாம் வகை சிறப்பாக நோக்கத்தக்கது. பொறி வைத்தவரும் கவண் எறிந்தவரும் பகைவர் அல்லர். கூத்தர்க்குத் தினைச்சோறும் இறைச்சியும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும் அளிப்போர் அம்மலைவாணரே. அவர் வீட்டைச் சொந்த வீடுபோல் எண்ணித் தடையின்றிப் புகலாம் என்று பாட்டு உறுதி கூறுகிறது. அவர் இடும் தினை விளைந்த புனத்தைக் காப்பதற்காகவே கவண்கல் பறக்கிறது. இரவுக் காவலனின் அம்பு தைத்து வழியில் வீழ்ந்து கிடக்கும் பன்றியைத் தீயில் வாட்டி உண்டு, எஞ்சியதை எடுத்துச் செல்லுமாறும் கூத்தன் கூறுகிறான். ஒரே காவல் முறை வழிச்செல்வோர்க்கு அச்சமாகவும் உணவாகவும் அமைகிறது. இடரை நீக்கினால் விருந்தும் நீங்கிவிடும்.

இன்பமே இடராதல்

இக்கருத்தை இன்னும் கூர்மையாக்கும் பகுதி ஒன்று பாட்டின் நடுவில் உள்ளது. மயில் தோகையோடு அசையும். நெடிய மூங்கிலில் கடுவன் தாவும். அது கழைக்கூத்தாடும் சிறுவரைப் போலத் தோன்றும். எட்டற்கரிய மலைச்சரிவில் தேனடைகள் தேர்ச்சக்கரங்கள்போல் தொங்கும். இவற்றைக் கண்டு திடீரெனத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதே கூத்தனின் அறிவுரை. வரிசையாகச் செல்வோரின் மெல்லடி அப்பொழுது நெறி பிறழும் என்பது காரணம்.

இங்கே அழகு இடருக்கு மாற்றாக வரவில்லை, அழகே இடராகிறது. கடுவனைக் கூத்தர் சிறுவரோடு ஒப்பிடும் உவமையும் பொருளற்றதன்று. கூத்தர் தம் தொழிலின் சாயலையே மரத்தின்மேல் காண்கின்றனர். கண்ணை மீட்டுக்கொள்வது அவர்க்கே மிகக் கடினம். கேட்போரின் தொழிலை அறிந்து, அவர் கண் எங்கே செல்லும் என்பதையும் அறிந்து கூறப்பட்ட எச்சரிக்கை இது. மலையின் அழகைப் பாட்டு மறுக்கவில்லை. நின்று காண், நடக்கும்போது காணாதே என்று அது காட்சிக்கும் நடைக்கும் இடையே ஓர் ஒழுங்கை வகுக்கிறது.

இயத்தின் அமைதியும் ஒலியும்

கூத்தரின் கருவிகளும் இவ்வாறே இருநிலைப்படுகின்றன. நவிரமலைக் கடவுளைக் கண்டால் தொழுது செல்வதோடு நிற்க வேண்டும். மழை மிகுந்த அம்மலையில் வீணே இயங்களைத் தொடலாகாது. குறவரே வழி மயங்கும் குன்றில் அகப்பட்டாலோ அகன்ற பாறையில் ஒன்றுகூடி அவ்வியங்களை முழக்க வேண்டும். வெள்ளத்தில் வழுக்கி வீழ்ந்தோரின் கூக்குரல் கேட்டு ஓடிவருவோர்போல் கானவர் விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, இடர் நிறைந்த வழியில் முன்னே நடப்பர். மறவரின் நடுகற்கள் நிற்கும் கவர்வழிகளில் யாழை இசைத்துவிட்டு விரைந்து கடக்க வேண்டும்.

ஒரே சுமை ஓரிடத்தில் அடக்கத்தையும், வேறோரிடத்தில் உயிர்காப்பையும், பிறிதோரிடத்தில் வழிபாட்டையும் குறிக்கிறது. பரிசிலுக்காகச் சுமந்து செல்லும் கருவி, பரிசில் கிட்டுவதற்கு முன்பே வழியில் பயன்படுகிறது. பரிசிலை நோக்கியே பாட்டு முழுதும் இயங்குகிறது என்னும் கருத்தை மறுபரிசீலனை செய்ய இது போதிய காரணமாகும்.

பெரும்பாணாற்றுப்படையோடு ஓர் ஒப்பீடு

மலைவாணர் காட்டும் அன்பும் நன்னனின் செங்கோற் பயனே. ஆதலால் வழிப்பகுதியும் புரவலன் புகழே என்று மறுப்புக் கூறலாம். நன்னன் மலைக்குச் செல்கிறோம் என்று கூறினால் வில்லேந்திய காவலரும் உணவளிப்பர் எனப் பாட்டே சொல்வதால் இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் அது பாட்டின் ஒரு பகுதிக்கே பொருந்தும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை, இடி இடிக்காது, பாம்பு கொல்லாது, காட்டு விலங்கு துன்புறுத்தாது. வழியை இடரற்றதாகக் காட்டி அரசனைப் போற்றும் முறை இது. இம்முறை ஆற்றுப்படை மரபில் இருந்தும் பெருங்கௌசிகனார் அதனைத் தம் பாட்டின் முறையாகக் கொள்ளவில்லை. நன்னன் நாட்டில் பாம்பு உண்டு; பாசி வழுக்கும்; பொறி காத்திருக்கும். அரசன் பெயர் சோறு பெற்றுத் தரும். கால் வழுக்காமல் காப்பது முன்சென்றவன் சொல்லே. புகழ்ச்சிக்கும் மெய்யுரைக்கும் இடையே இப்பாட்டு மெய்யுரைக்கு இடமளித்திருப்பதால்தான் அதன் புகழ்ச்சியும் நம்பத்தக்கதாகிறது.

சிலம்பின் வழிநடை

இன்பத்துள் இடர் மறைந்திருத்தல் மலைபடுகடாத்தோடு முடிவதன்று. சிலப்பதிகார நாடுகாண் காதையில், முப்பது காதத் தொலைவிலுள்ள மதுரைக்குப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே, மதுரை எது என்று கண்ணகி வினவுகிறாள். அவள் அடியின் மென்மையைக் கருதிக் கவுந்தியடிகள் கூறும் வழியறிவுரையில் மலைபடுகடாத்தின் குரல் கேட்கிறது. சோலை வழியில் வெயிலுக்கு ஒதுங்கலாம். அங்கே வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடிக்கிடக்கும். பூவுக்கு அஞ்சி விலகினால் தாழத் தொங்கும் பலாப்பழம் முட்டும். மலர்ப்பரப்பே குழியாகும் இக்காட்சி, மயிலைப் பாராதே என்ற கூத்தனின் சொல்லோடு ஒத்த கருத்துடையது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வயல்வழியில் சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அத்தீங்கு பொறுத்தற்கரியது என்கிறார் கவுந்தி. நடப்பவர்க்கு வரும் இடரோடு நடப்பவரால் பிற உயிர்க்கு வரும் இடரும் சேர்கிறது. சமண அறம் வழிநடை மரபுக்குள் கொணர்ந்த விரிவு இது. காடுகாண் காதையில் மாமுது மறையோன் மூன்று வழிகளையும் அவற்றின் இயல்பையும் விளக்குகிறான். இடைவழியில் நீர் தேடிச் சென்ற கோவலன் முன் கானுறை தெய்வம் வயந்தமாலையின் வடிவில் தோன்றுகிறது. பழகிய முகமே இங்கு மயக்கும் பொருள். முன்னரே சொல்லப்பட்ட எச்சரிக்கை நினைவில் இருந்ததால் அவன் மந்திரத்தால் அதனைத் தெளிந்து மீள்கிறான். இரு நூல்களிலும் காப்பது முன்னறிந்தோர் சொல்.

புல் முடிதல்

மலைபடுகடாத்தில் பெற்றோர் பெறாதோர் என்னும் பகுப்பைக் கடக்கும் அறிவுரை ஒன்று கவர்வழிப் பகுதியில் வருகிறது. அவ்வழியை முன்பு அறியாத புதியவர்கள் நீங்கள்; ஆகவே வழிகள் கூடுமிடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். பின்வருவோர் வழி மயங்காதிருப்பதற்கான குறியீடு அது.

வழிகேட்டு நிற்பவன் நன்னனைக் காண்பதற்கு முன்பே, பரிசில் பெறுவதற்கு முன்பே, வழிகாட்டியாகிவிடுகிறான். ஆற்றுப்படுத்தும் தகுதி செல்வத்தால் வருவதன்று, நடந்ததால் வருவது என்னும் உண்மை இவ்வொரு செயலில் தெளிவாகிறது. முடிந்த புல் நிலைத்து நிற்பதன்று. சில நாளில் உலர்ந்து உதிரும். ஆதலால் அடுத்து வரும் புதியவர் மீண்டும் முடிய வேண்டும். வழியறிவு ஒருமுறை எழுதி வைக்கப்படும் ஆவணமாக அன்றி, நடப்போர் ஒவ்வொருவரும் புதுப்பிக்கும் கடமையாக இங்கு அமைகிறது. செங்கம் பகுதியில் கிடைத்து 1972இல் நூலாக வெளிவந்த நடுகற்கள் இப்பாட்டிற்குக் காலத்தால் பிந்தியவை. எனினும், நிலைத்த கல்லும் நிலையாத புல்லும் ஒருங்கே வழியைக் குறித்த நிலப்பரப்பு இது என்பதை அவை நினைவூட்டுகின்றன.

இவ்வேறுபாடு இன்றைய நடைக்கும் பொருந்தும். சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கு வருவோர்க்குக் கைபேசி வரைபடம் தொலைவையும் திருப்பத்தையும் கூறும். மழைநாளில் நடைபாதையின் எந்தக் கல் ஆடும் என்பதை அவ்வழியே நாள்தோறும் நடப்பவரே கூற இயலும். கூத்தன் கூறுவது இவ்விரண்டாம் வகை அறிவு.

முடிவுரை

மலைபடுகடாத்தின் வழிப்பகுதி புரவலன் புகழுக்கு இட்ட அணி அன்று. இடர் தருபவரே விருந்தளிப்பவராகவும், கண்ணுக்கு இனியதே காலுக்குக் கேடாகவும், அடங்க வேண்டிய இயமே அழைப்பொலியாகவும் அமைவதை அது தொடர்ந்து காட்டுகிறது. இவற்றைப் பிரித்தறியும் அறிவு அரசனிடமிருந்து வராமல், முன்சென்ற வறிய கலைஞரிடமிருந்து வருகிறது. புல்முடிச்சின் வழியே அடுத்தவர்க்கும் செல்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் இடரற்ற வழியோடு ஒப்பிடும்போது இத்தேர்வின் தனித்தன்மை விளங்கும். எனவே ஆற்றுப்படை இலக்கணத்தில் ‘பெற்றோர்’ என்பதற்குப் ‘பரிசில் பெற்றோர்’ என்னும் பொருளோடு ‘வழியறிவு பெற்றோர்’ என்னும் பொருளும் சேர்த்து எண்ணத்தக்கது. பாடத்திட்டத்தில் இப்பாட்டின் பகுதி இடம்பெறும்போது நன்னனின் அவைக்காட்சியோடு மயில், பாசி, புல்முடிச்சு ஆகியவை வரும் பகுதிகளும் சேர்க்கப்படுமாயின், ஆற்றுப்படையை வறுமையும் வள்ளன்மையும் மட்டுமே கொண்ட இலக்கியமாக மாணவர் எண்ணும் நிலை மாறும்.