யாருடைய பொற்காலம்? பழைய பாட்டும் சேரியின் காதும்

'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?' இந்தக் கேள்வி கேட்காத கல்யாண மண்டபம் கிடையாது, டீக்கடை கிடையாது, பட்டிமன்றம் கிடையாது. போன மாதம் ஒரு பழைய பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி அறிவிப்பாளர் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தார். அப்போதெல்லாம் பாட்டில் கருத்து இருந்ததாம், கிராமத்தில் ஒற்றுமை இருந்ததாம், ஊரே ஒரு குடும்பமாக இருந்ததாம்; இப்போது வருவதெல்லாம் வெறும் கூச்சல், குத்து, டப்பா சத்தமாம். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டின பிறகுதான் எதுக்குத் தட்டினோம் என்று யோசித்தேன்.

எனக்கும் பழைய பாட்டு பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி தூக்கம் வராவிட்டால் நானும் அதைத்தான் போட்டுக் கேட்கிறேன். என் சண்டை பாட்டோடு இல்லை. பாட்டோடு சேர்த்து ஒரு 'காலத்தையும்' நம் தலையில் கட்டுகிறார்களே, அதோடுதான்.

எழுபதுகளில் நான் சின்னப் பையன். ஊர்த்தெரு டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத்தான் எந்நேரமும் வைத்திருப்பார்கள். ரேடியோ உள்ளே, பெஞ்சு உள்ளே, கண்ணாடி டம்ளர் உள்ளே. நாங்க வெளியே. கூரையில் செருகி வைத்த தனி டம்ளரை எடுத்து, நாமே கழுவி, டீயை மேலேயிருந்து ஊத்தச்சொல்லி வாங்கி, குத்தவச்சு உட்கார்ந்து குடிக்கணும். பாட்டு மட்டும்தான் அந்த வாசலைத் தாண்டி எங்ககிட்ட வந்தது. அதுக்குத் தீட்டு கிடையாது. பஞ்சாயத்து ரேடியோவின் குழாயும் ஊர்ப்பக்கம் பார்த்துதான் கட்டியிருந்தது. காத்து எங்க பக்கம் அடிக்கிற சாயங்காலம் முழுப் பாட்டும் கேட்கும். மற்ற நாளில் பல்லவியோடு சரி. இன்றைக்கும் பல பாட்டுகளுக்கு எனக்குச் சரணம் தெரியாது. ஞாபக மறதின்னு பிள்ளைங்க கேலி பண்றாங்க. காத்து அடிக்கலைன்னு எப்படி விளக்கறது?

ஆகவே அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எனக்கும் பழைய ஞாபகம் வருகிறது. அதில் டம்ளரும் வருகிறது. அறிவிப்பாளரின் ஞாபகத்தில் டம்ளர் இல்லை. ஒரே பாட்டு, இரண்டு ஞாபகம். இதில் ஒன்றை மட்டும் 'தமிழர்களின் இனிய நினைவு' என்று பொதுவாக்கி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் சொல்கிற பொற்காலத்துக்கு வருஷக் கணக்கு போட்டுப் பாருங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது. ஒரு நாதஸ்வரக் கலைஞனின் தன்மானத்தை அவ்வளவு அழகாகச் சொன்ன படம். அதே 1968 டிசம்பர் 25 அன்றுதான் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 'முள்ளும் மலரும்' 1978. அதே வருஷம் விழுப்புரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றார்கள். படங்கள் குற்றம் செய்தன என்று நான் சொல்லவில்லை. ஊரே குடும்பமாக இருந்தது என்று மேடையில் சொல்கிறவர் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும் என்கிறேன்.

இன்னொரு சங்கதி. பொற்காலம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்கு ஐம்பதுகளின் பாட்டை அமுதம் என்கிறார்கள். அந்த ஐம்பதுகளில் என்ன நடந்தது? கேஸ்கர் என்று ஒரு மத்திய அமைச்சர், சினிமாப் பாட்டு தரங்கெட்டது என்று சொல்லி 1952-ல் அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். சனங்கள் இலங்கைப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கி வர வேண்டியிருந்தது. அன்றைக்குத் தீண்டத்தகாததாக இருந்ததுதான் இன்றைக்குப் பாரம்பரியம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்துவிட்டு வந்த இளையராஜாவின் முதல் படம். நாத்து நடுகிறவர்களின் மெட்டும் தாளமும் சினிமாவுக்குள் அப்படி வந்தபோது, பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இப்போது அதுவே 'மண்வாசனை'. கானாவைக் 'கூச்சல்' என்கிறவர்களும் இன்னும் முப்பது வருஷம் கழித்து அதற்கு ஒரு வாசனை கண்டுபிடிப்பார்கள். கூச்சல், குத்து, டப்பா சத்தம் ஆகிய வசவுகளெல்லாம் முதலில் பறைக்குக் கொடுக்கப்பட்டவை. சத்தத்தின் மேல் சொல்வதுபோல் சத்தம் போடுகிறவன் மேல்தான் சொல்கிறார்கள்.

சேரியிலிருந்து மெட்டு மட்டும் மேலே போனால் போதாது என்பதற்கும் இளையராஜாவிடமே சாட்சி இருக்கிறது. 1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்துக்கு இசை அவர்தான். அதில் ஒரு புகழ்ச்சிப் பாட்டு தென்மாவட்டங்களில் சாதிக் கீதமாகவே ஒலித்தது. குழாய் எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். 1995 ஆகஸ்டு 31-ல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியதும் அந்தக் காலம்தான். அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியிலிருந்துதான் 'மாமன்னன்' பிறந்தது என்று மாரி செல்வராஜ் 2023-ல் கமல்ஹாசனை வைத்துக்கொண்டே மேடையில் சொன்னார். ஆனாலும் 'தொண்ணூறுகளின் தேன்கானங்கள்' என்று போடும்போது அந்தப் பாட்டையும் கூசாமல் போடுகிறார்கள்.

சரி, அவர்களை விடுங்கள். நமக்குள்ளேயும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது.

எங்கப்பா பறையடிச்சவர். ஊர்ச்சாவுக்கு அடிச்சே ஆகணும்; கூலி, நெல்லோ கள்ளோ, அவங்க இஷ்டம். சித்தப்பா இனி தொடமாட்டேன்னு சொல்லிட்டு பேண்டு செட்டுக்குப் போனார். அங்கே டிரம்பெட் கத்துக்கிட்டார். எம்.ஜி.ஆர். பாட்டு, அப்புறம் இளையராஜா பாட்டு. சிவப்புக் கோட்டு, தொப்பி, காலில் பூட்ஸ். ஊர்த்தெருவில் எங்க வீட்டு ஆள் ஒருத்தர் செருப்புக் காலோடு நடந்தது முதல்தடவை அப்படித்தான். பந்தியில் அவர்களுக்குக் கடைசியில்தான் இலை போட்டார்கள், அது வேறே. ஆனாலும் எங்க வீட்டில் சினிமாப் பாட்டு என்பது பறையிலிருந்து தப்பிச்சு வந்த வழி. இந்த ஞாபகத்தை எந்தப் பொற்காலக் கச்சேரியில் பாடுவார்கள்?

அப்பா செத்தபோது வீட்டில் சண்டை. சித்தப்பா சவுண்டு செட்காரரை வரச்சொல்லி பழைய பாட்டு போட்டார். இயக்கத்தில் இருக்கிற என் அக்கா மகன் கலைக்குழுவோடு பறையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, தாத்தாவோட கலை இது. நம்ம ஆயுதம்" என்றான். சித்தப்பா கத்தினார்: "கலையாடா? ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல வந்து நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுவான், நடுங்கிக்கிட்டே எடுத்துட்டுப் போவான் எங்கண்ணன். அத நீ பாத்தியா?" பையனும் விடவில்லை. "அவங்க கூப்பிட்டு அடிச்சது அது. நாங்க அடிக்கறது எங்களுக்காக." இரண்டு பேரும் சொன்னது உண்மை. பாடை எடுக்கும்வரை பழைய பாட்டு ஓடியது. எடுத்த பிறகு பையன்கள் அடித்தார்கள், நன்றாகவே அடித்தார்கள். சித்தப்பா பறைக்குப் பின்னால் வரவில்லை. முன்னாடியே தனியாகச் சுடுகாட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

பறையை மீட்டது சரி. 2018-ல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறி கானாவையும் பறையையும் தலைநிமிர வைத்ததும் பெரிய காரியம். ஆனால் நாமும் பறைக்கு ஒரு பொற்காலத்தைக் கட்டி, அடித்தவர்களின் கசப்பைத் துடைத்துவிட்டால், அந்த அறிவிப்பாளர் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

எனவே தோழர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதை எங்கே நின்று கேட்டாய், உள்ளேயா வெளியேயா, 'தள்ளி நில்லு' என்று சொன்னது யார் என்றும் கேளுங்கள். சித்தப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, டிரம்பெட் ஊத மூச்சு இல்லை. அவரிடம் நான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். நீங்களும் கேட்டு எழுதுங்கள். நம் காது கேட்டதை நாம் எழுதாவிட்டால், டம்ளர் இல்லாத டீக்கடைதான் வரலாற்றில் மிஞ்சும்.