இரண்டு கூரைகளுக்கு நடுவே

புர்கினா ஃபாசோவில் காண்டோ என்றொரு கிராமம். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியின் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதன் செம்மண் சுவர்களைத்தான் முதலில் பாராட்டுவார்கள். சுவர் அழகுதான். ஆனால் பார்வையைக் கொஞ்சம் மேலே கொண்டுபோக வேண்டும். சுவர் முடிந்த இடத்தில் கூரை தொடங்கவில்லை. நடுவே வெறும் வெளி. அதற்கும் மேலே மெல்லிய கம்பிப் பின்னலின் மீது அகலமான தகரக் கூரை நிற்கிறது. இந்தப் பள்ளியின் கலை முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

இதை வடிவமைத்தவர் பிரான்சிஸ் கெரே. 1965-இல் அதே ஊரில், ஊர்த் தலைவரின் மகனாகப் பிறந்தவர். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து தெங்கோடோகோ என்ற ஊருக்குப் படிக்கப் போனார். அங்கே காற்றும் வெளிச்சமும் வராத வகுப்பறையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னாளில் தச்சுத் தொழில் பயிற்சிக்காக ஜெர்மனி போய், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். பட்டம் வாங்குவதற்கு முன்பே, நிதி திரட்டச் சங்கம் ஒன்றை அமைத்து, 2001-இல் தன் ஊருக்குப் பள்ளியைக் கட்டி முடித்தார். புழுக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தவரின் கை கட்டடத்தின் ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது.

வெயில் 40 பாகையைத் தாண்டும் நாடு அது. தகரக் கூரை மழையைத் தாங்கும். ஆனால் வெயிலில் காய்ந்து, கீழே இருப்பவர்களை வேகவைக்கும். மண் சுவர் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆனால் பெருமழையில் கரையும். கெரே இரண்டையும் வைத்துக்கொண்டார், இரண்டையும் பிரித்தார். தகரத்தைத் தூக்கி உயரத்தில் வைத்தார். வெயிலும் மழையும் அதன்மேல் விழட்டும். அதன் விளிம்பைச் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீட்டினார். சாரல் மண்ணைத் தொடாது, உச்சி வெயிலும் சுவரில் விழாது. தகரத்துக்குக் கீழே, வகுப்பறைக்குச் சொந்தமாக இன்னொரு மேல்தளம். கான்கிரீட் உத்திரங்களுக்குக் குறுக்கே கம்பிகள், கம்பிகளின்மேல் சாந்து பூசாமல் அடுக்கிய மண்கற்கள். அவற்றுக்கிடையே காற்றுப் போக வழிகள்.

இனி காற்றின் வேலை. வகுப்பறையில் சூடேறும் காற்று மேலெழுந்து அந்த வழிகளில் வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, பக்கவாட்டு ஜன்னல்கள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே இழுபடுகிறது. தகரத்தின் சூட்டை, இரண்டு கூரைகளுக்கும் நடுவே ஓடும் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அன்று கரண்ட் இல்லாத அந்த ஊரில் விசிறியைப் பற்றிப் பேச முடியவில்லை; கட்டடத்தின் உருவமே அந்த வேலையைச் செய்கிறது. மூன்று வகுப்பறைகளையும் ஒட்டிக் கட்டாமல் வரிசையில் இடம் விட்டு நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே கூரையால் போர்த்தியிருக்கிறார். நடுவே கிடைத்த நிழலில் பிள்ளைகள் விளையாடலாம், பாடமும் நடத்தலாம்.

ஊரார் முதலில் மண்ணை நம்பவில்லை. ஆண்டுதோறும் மழையில் இடியும் வீடுகளைப் பார்த்தவர்கள், ஜெர்மனி வரை போய்ப் படித்தவன் மண்ணால் பள்ளி கட்டுகிறானே என்று தயங்கினார்கள். மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்திக் கல்லாக்கி, அது கரையாமல் நிற்பதைக் காட்டித்தான் அவர்களைத் தம் பக்கம் சேர்த்தார் கெரே. பிறகு ஊரே வேலைக்கு வந்தது. பிள்ளைகள் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மண்தரையைத் திமிசு கொண்டு அடித்து இறுக்கும் பழைய வழக்கமும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டகம். அந்த ஊருக்குக் கிரேன் கொண்டுபோக வழியில்லை, பெரிய இரும்புத் துண்டங்களையும் ஏற்றிவர முடியாது. அதனால் கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரணக் கம்பியையே வெட்டி, வெல்டிங் வைத்து, லேசான சட்டகங்களாக்கினார்கள். ஒரு கை ரம்பமும் சிறிய வெல்டிங் இயந்திரமும் பிடிக்கத் தெரிந்தால் போதும். அதை ஊர்க்காரர்களே கற்றுக்கொண்டார்கள். இயலாமையிலிருந்து வந்த அந்தக் கம்பிப் பின்னல்தான் கூரைக்கு அந்த மிதக்கும் அழகைக் கொடுத்தது. மண் கட்டடம் என்றால் சிமென்ட்டும் இரும்பும் அறவே கூடாது என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எது எங்கே தேவையோ, அங்கே மட்டும் அதைக் கொஞ்சமாக வைப்பதுதான் தேர்ச்சி.

2004-இல் இந்தப் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இடம் போதாமல் பிறகு விரிவாக்கமும் கட்டினார்கள். அருகே நூலகத்துக்காக, ஊர்ப் பெண்கள் செய்த மண்பானைகளைக் குறுக்கே அறுத்து மேல்தளத்தின் கான்கிரீட்டில் பதித்தார் கெரே. ஒவ்வொரு வாயும் வெளிச்சத்தை உள்ளே இறக்கும், சூட்டை வெளியே விடும். 2022-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார் கெரே.

பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகப்புப் படத்தைப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். சூடான காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்று அதில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.