கதிரையும் ரிஹாலும்

அக்குறணைப் பக்கம் பழைய மரச்சாமான் தேடி வரும் வியாபாரிகளின் வாயில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'ஒல்லாந்தர் சாமான்'. பிரம்புக் கதிரை, பித்தளைப் பூட்டுப் போட்ட பெட்டகம், கருங்காலி மேசை, எதுவானாலும் அதுதான் பெயர். நம்மட ஆட்களும் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறார்கள். விலை கூடும் அல்லவா? ஆனால் அந்தப் பெயருக்குள் செய்தவனின் கை மறைந்து போகிறது.

கண்டிக் கைவினைகளைப் பற்றி எழுத முனையும் எவரும் ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூலைக் கடந்தே ஆக வேண்டும். அதன் உபதலைப்பிலேயே கைவினைஞரின் சமூக நிலை இடம்பெறுகிறது. அரச பட்டறைகளான 'பட்டல் ஹதர', இராஜகாரியம், கைவினைஞருக்கு வழங்கிய காணி என்று உளிக்குப் பின்னாலிருந்த முழு ஏற்பாட்டையும் அவர் விளக்குகிறார். அழகை மட்டும் பார்த்துவிட்டு நகராத இந்த நேர்மைக்காகவே அந்நூல் இன்றும் நிற்கிறது.

அதன் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. கண்டிக் கலை அவருக்குத் தனக்குள் நிறைவான ஓர் உலகம். வெளியிலிருந்து வந்த ஆட்சியும் வணிகமும் அதைக் குலைத்தன என்பது அவரது துயரம். ஆங்கிலேயர் காலத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். தளபாடத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் கதிரை என்பதே இங்கு கலப்பில் வளர்ந்த பொருள்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தன் நூலில் ஒரு செய்தி சொல்கிறார்: முதுகுச் சாய்வுள்ள ஆசனத்தில் அரசன் மட்டுமே அமரலாம். ஆக, கதிரையின் முதுகுப் பலகை அலங்காரம் மட்டுமல்ல, அதிகாரத்தின் அடையாளமும்கூட. 1693 இல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்குச் சிம்மாசனம் ஒன்றைப் பரிசளித்தார். அதன் உருவம் அக்கால ஐரோப்பியக் கதிரையினது. மேலே பொன்தகடும் மணிகளும் சிங்க உருவங்களும். 1815 இல் ஆங்கிலேயர் அதைக் கொண்டுபோய் வின்ட்ஸர் மாளிகையில் வைத்தார்கள். 1934 இல் திருப்பித் தந்தார்கள். இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை ஒல்லாந்தக் கலை என்பதா, கண்டிக் கலை என்பதா? இரண்டு பெயரும் போதாது.

நாம் வீட்டில் பேசும் தமிழ் இதைவிட நேர்மையானது. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தருடையது. கட்டிலும் பெட்டகமும் தமிழ். ரிஹாலும் மிம்பரும் அரபு. 'ரஹ்ல்' என்ற அரபுச் சொல் ஒட்டகச் சேணத்தைக் குறிக்கும். விரித்து வைத்த ரிஹாலைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரே வீட்டுக்குள் இத்தனை கரைகளின் சொற்கள் சண்டையில்லாமல் இருக்கின்றன. ஆய்வாளர்தான் அவற்றைப் பிரித்து வைக்கிறார்.

ரிஹாலை மரவேலையாக நாம் பார்ப்பதே இல்லை. ஒற்றைப் பலகையை இரு முனையிலிருந்தும் உள்ளே பிளந்து, நடுவில் விரல் கோத்ததுபோல் மூட்டு வெட்டுகிறார்கள். ஆணியும் பசையும் இல்லை. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் ஹிஜ்ரி 761, அதாவது 1360 ஆம் ஆண்டைச் சேர்ந்த தேக்குமர ரிஹால் ஒன்று உண்டு. ஈரானிலோ மத்திய ஆசியாவிலோ செய்யப்பட்டது. அதில் ஹஸன் சுலைமான் இஸ்பஹானி என்று செய்தவரின் பெயர் இருக்கிறது. அறுநூற்றறுபது வருடம் கழித்தும் அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது.

நம்மட சமூக வரலாற்று எழுத்தின் மீது எனக்குள்ள குறையும் இதுதான். சிம்மாசனம் இருக்கும் அந்த அருங்காட்சியகம் 1877 இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். வெள்ளிக்கிழமை அதை மூடிவைக்க வேண்டுமென்று அவர் கேட்டதாகச் சொல்லும் கதை எல்லோருக்கும் மனப்பாடம். கட்டடத்தையும் அதன் மரவேலையையும் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். வம்சாவளிக்குச் செலவழித்த மையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கைவேலைக்கு நாம் செலவழிக்கவில்லை.

விற்க வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் சாமான் லொறியில் ஏறுமுன் ஒரு படம் எடுங்கள். பலாவா, முதிரையா, கருங்காலியா என்று எழுதுங்கள். ஆணி அடித்ததா, மரத்தோடு மரம் பொருத்தியதா என்று திருப்பிப் பாருங்கள். "இத செஞ்சது யாரு?" என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். அந்தப் பதில்கள் சேர்ந்தால் குமாரசுவாமி விட்ட அத்தியாயத்தை நாமே எழுதலாம்.