எந்தக் கோயிலில் பூசை காண்பது?

உசிலம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த சிலர் ஞாயிறு விடிந்ததும் ஆரப்பாளையம் பஸ் ஏறிவிடுவார்கள். செக்கானூரணி வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலயம். கேட்டால், "அங்கதான் பூசை பூசையா இருக்கு" என்பார்கள்.

அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்ப் பங்கு ஒன்றில் எழுந்தேற்ற நேரம். மணி அடிக்கிறது. பீடத்துக்கு ஒரு முழம் தள்ளி வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கு ரிதம் தேடுகிறார். எனக்கு முன்னால் ஒரு பாட்டி முக்காட்டை இழுத்துவிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்திருந்தார். அவருக்கு அந்த ஒரு நிமிட அமைதியைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை. அமைதி தேடிப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறு கடனை எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் நிறைவேற்றலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

ஆனால் பூசைக்காகத் தனிக் கோயில் தேடும் இந்த வழியில் இதே மதுரை ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறது. 1606இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி வந்தபோது பரவர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் கொன்சாலோ பெர்னாண்டஸ் சாமியாரின் கோயில் இருந்தது. நொபிலி காவி உடுத்தி, புலால் தவிர்த்து, தனிக் கோயில் வைத்தார். இந்த மண்ணுக்குரிய பக்தி முறை வழிபாட்டுக்குள் வந்தது. அது பெரும் கொடை. அதோடு ஒரே ஊரில் ஒரே விசுவாசத்துக்கு இரண்டு கோயில்களும் வந்தன. 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்களே ஏற்பட்டார்கள். 'நல்ல பூசை' தேடிப் பிரிகிறபோது யாரிடமிருந்து பிரிகிறோம் என்று கேட்டாக வேண்டும் என நான் சொல்வது இதனால்தான்.

அமைதிக்கும் வணக்கத்துக்கும் பழைய லத்தீன் பூசைதான் வழி என்போரும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்புவது, ஆரத்தி எடுப்பது எல்லாம் 1969இல் ரோமை இந்தியாவுக்கு இசைவளித்த 12 அம்சங்களில் உள்ளவை. நம் பாட்டிகளின் உடம்புக்கு அந்த வணக்கம் முன்பே தெரியும்.

பஸ் ஏறிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் வாசகம் வாசிக்கத் தெரிந்தவர்கள், பாடகர் குழுவில் குரல் உள்ளவர்கள், சாமியாரிடம் உரிமையோடு பேசக்கூடியவர்கள். கூலிவேலைக் குடும்பங்களும் முறைவைத்துப் பூசை நடக்கும் கிளைக் கிராமத்தாரும் எங்கே போவார்கள்? அக்கறை உள்ளவர்கள் போனபின் இரைச்சல் கூடத்தான் செய்யும். "சாமி, நன்மை வாங்கினப்புறம் ஒரு பாட்டோட நிறுத்திக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்போமா?" என்று பூசைக்கு முன்னால் போய்க் கேட்கச் சொந்தப் பங்கில் ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பேராலயத்துக்குப் போய்வரட்டும். மற்ற ஞாயிறுகளில் தங்கள் பங்கிலேயே அப்படி ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிடட்டும்.