செப்புத்தகட்டுச் சித்திரங்களில் ஆங்கிலப் பிரபுக்கள்

ஆங்கில நாட்டு வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் கண்ணில் முதலிற் படுவன முகங்களே. கூரிய தாடியும் மடிப்புக் கழுத்துப்பட்டியும் கொண்ட எசெக்ஸ் பிரபு, மார்புக் கவசம் பூண்ட ஒலிவர் குறொம்வெல், நீண்ட சுருள் முடியினரான அமைச்சர்கள் என்றின்னோர் பக்கத்துக்குப் பக்கம் நின்று மாணாக்கனை நோக்குகின்றனர். மாணாக்கன் அவற்றை ஒளிப்படங்களைப் போலவே நம்பிவிடுகின்றான். ஆசிரியரும், இக்கண்களிற் பேராசை தெரிகின்றது, இவ்வுதடுகளில் வஞ்சகம் தெரிகின்றது என்று விளக்கஞ் சொல்வதுண்டு. அம்முகங்களுட் பல, 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளிலே செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிடப்பட்ட சித்திரங்களிலிருந்து வழிவழியாக எடுக்கப்பட்டவை. அச்சித்திரங்கள் யாவர் பொருட்டு, எந்நோக்கத்தோடு செய்யப்பட்டன என்பதை அறியாது அவற்றிலே குணத்தைப் படிக்க முயல்வது, மெய்க்கீர்த்தியைக் கொண்டு அரசனின் அந்தரங்க மனத்தை அளப்பதை ஒக்கும். மெய்க்கீர்த்தி பொய்யன்று; ஆனால் அது சொல்ல வந்த செய்தி வேறு.

மெருகிட்ட செப்புத்தகட்டின்மீது கூரிய உளியை உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளிக் கோடு கீறுவது இத்தொழில். கீறிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து உருளைகளினிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். வண்ணம் என்பது இல்லை. ஒளியும் நிழலும் கோட்டின் பருமையாலும் நெருக்கத்தாலுமே பிறத்தல் வேண்டும். தாளில் உருவம் இடம்வலமாக மாறி விழும். காட்டர் விருதின் பட்டி இடக்காலில் அணியப்படுவது. கவனமற்ற செதுக்குநன் கையில் அது வலக்காலுக்குத் தாவிவிடும். இவையெல்லாம் தொழிலின் நுட்பங்கள். இவற்றினும் முக்கியமானது, தகடு ஒரு வணிகப் பொருள் என்பது. வண்ண ஓவியம் பிரபுவின் மாளிகைச் சுவரிலே தொங்கியது. அதைக் கண்டவர் அவர்தம் உறவினரும் விருந்தினருமே. தகடோ கடைக்காரனின் சொத்து. அது தேயுந்தோறும் மீளக் கீறப்பட்டது. கடைக்குக் கடை விலையாயிற்று. இலண்டன் மாநகரிலே பீற்றர் ஸ்ரென்ற் என்னும் வணிகர் தம்மிடமுள்ள தகடுகளுக்கு அச்சிட்ட பட்டியல்களே வெளியிட்டார். 1665இல் அவர் இறந்தபின் அத்தகடுகள் ஜோன் ஓவட்டன் என்பவரிடம் சென்றன. பிரபுவின் முகம் தெருவிலே விலைக்கு வந்தது என்பதை நினைவிற் கொண்டாலன்றி அடுத்து வரும் நிகழ்ச்சி விளங்காது.

தோமஸ் கொக்சன் என்பவர் எசெக்ஸ் பிரபுவாகிய றொபேட் டெவறோவைக் குதிரைமீது ஆரோகணித்த படைத்தலைவராகச் செதுக்கினார். பாயும் குதிரை, கையிலே தளபதிக்குரிய கோல், பின்னணியிலே 1596இல் அவர் புகழீட்டிய காடிஸ் முதலிய போர்க்களங்கள், கீழே அவருடைய பட்டங்களின் நிரலும், அவரை இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எனப் புகழும் செய்யுளும். எசெக்ஸ் 1599ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரசியின் அனுமதியின்றி அயர்லாந்திலிருந்து திரும்பிச் சினத்துக்கு ஆளானவர். காவலில் வைக்கப்பட்டு 1600 ஓகஸ்டிலேதான் விடுவிக்கப்பட்டவர். அம்மாதத்தின் இறுதியிலேயே பிரிவிக் கவுன்சில் கன்ரபரி அதிமேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதியது. நூல்களை அச்சிட அனுமதி வழங்கும் அதிகாரம் 1586 தொடக்கம் அவரிடமும் இலண்டன் மேற்றிராணியாரிடமும் இருந்தமையால் அவருக்கு எழுதப்பட்டது. பிரபுக்களின் உருவங்களைச் செதுக்கி விற்கும் வழக்கம் அண்மையில் தோன்றியுள்ளது என்றும், எசெக்ஸின் சித்திரம் தகாத புகழுரைகளோடு வெளிவந்துள்ளது என்றும், இனி அனுமதியின்றி இத்தகையவை விற்கப்படலாகாது என்றும் அக்கடிதம் கூறிற்று.

முகம் ஒத்திருக்கின்றதா இல்லையா என்பதைப்பற்றி அமைச்சர்கள் கவலைப்படவில்லை. அவர்களை அஞ்சச்செய்தது பட்டங்களின் நிரல், குதிரை, செய்யுள் ஆகியவையே. வில்லியம் றொஜேர்ஸ் செதுக்கிய எலிசபெத்து அரசியின் சித்திரமொன்று 'தேர்ந்தெடுக்கப்பட்ட ரோசா' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரையே பெயராகக் கொண்டது. அரசிக்கு உரிய 'தேர்வு' என்னும் சொல்லைக் குடிமகன் ஒருவன்மேல் ஏற்றிச் சொன்னால் அது வெறும் முகமனாகாது. அரசிக்கு அப்போது அகவை 66, வாரிசு இல்லை. 1601 பெப்ரவரி 8ஆம் நாள் எசெக்ஸ் ஆயுதந் தாங்கிய ஆட்களோடு இலண்டன் தெருக்களில் இறங்கினார். அம்மாதம் 25ஆம் நாள் அவர் தலை வெட்டுண்டது. கவுன்சில் அச்சித்திரத்தை வாசித்த முறையே சரியான திறனாய்வு முறை என்று கூறுதல் மிகையாகாது. அவர்கள் தாளின் ஓரங்களிலிருந்து தொடங்கி உள்ளே வந்தார்கள். இக்காலத்தவர் முகத்திலே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர்.

கலை என்ற அளவில் இக்காலத்துச் சித்திரங்கள் மிக உயர்ந்தவை அல்ல. ஐரோப்பியக் கண்டத்தில் டியூரர் மறைந்து எழுபது ஆண்டுகள் கழிந்த பின்பும் ஆங்கில நாட்டுச் செதுக்குநர் கை கூசியே நின்றது. ஆகவே ஒல்லாந்து நாட்டார் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டனர். கொலோனிலும் பின்னர் உத்திரெக்திலும் தொழில் நடத்திய பாஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைமன் டி பாஸ் 1616 அளவிலே இலண்டனுக்கு வந்து, சில ஆண்டுகள் அரசவையினரின் உருவங்களைச் செதுக்கினார். வேர்ஜீனியாவிலிருந்து வந்த செவ்விந்தியப் பெண் பொக்கஹொந்தாசை அவர் 1616இல் செதுக்கிய சித்திரம் உலகறிந்தது. ஹென்றி ஹொலண்ட் என்பவர் 1618இல் அரசர்களின் உருவத்தொகுதி ஒன்றையும், 1620இல் ஆங்கிலச் சான்றோர் தொகுதி ஒன்றையும் வெளியிட்டார். இத்தொகுதிகளில் சரிகையின் பின்னலும் கவசத்தின் பளபளப்பும் கண்ணைப் பறிக்கும். முகங்களோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலிருக்கும். செதுக்குநன் ஆடையைச் செய்யும்போது தையற்காரனோடு போட்டியிட்டான். முகத்தைச் செய்யும்போது முன்னொருவன் செய்ததைப் பார்த்துக்கொண்டான்.

இதற்குச் சான்றாக றெனோல்ட் எல்ஸ்ட்றாக் 1615ஐ ஒட்டிச் செதுக்கிய சமசெட் பிரபு றொபேட் கார், அவர் மனைவி பிரான்செஸ் ஹவாட் ஆகியோரின் இணைச் சித்திரத்தைக் கூறலாம். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் செல்லப்பிள்ளையாக விளங்கிய கார் முழு ஆடம்பரத்தோடு நிற்கின்றார், அருகில் மனைவி. இத்திருமணத்தை எதிர்த்த சேர் தோமஸ் ஓவபெரி 1613இல் இலண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். அது நஞ்சூட்டிய கொலை எனக் கண்டு 1616இல் தம்பதியர் இருவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மன்னர் உயிர்ப்பிச்சை அளித்தார். 1622 ஜனவரி வரை இருவரும் அதே கோபுரத்திற் கிடந்தனர். இக்கதையை அறிந்தவர் பிரான்செஸின் முகத்திலே குற்றத்தைத் தேடுவர். தேடினாற் கிடைக்கும், ஏனெனில் தேடுபவர் அதைக் கையோடு கொண்டு வருகின்றார். எல்ஸ்ட்றாக் செதுக்கியது ஒரு பிரபுவும் பிரபுவின் மனைவியும் நிற்கவேண்டிய நிலையை மாத்திரமே.

செதுக்குநனின் குறைபாட்டைச் செதுக்கப்பட்டவரே நகையாடிய கதையும் உண்டு. ஜோன் மில்டனின் கவிதைகள் 1645ஆம் ஆண்டினதென அச்சிடப்பட்டு வெளிவந்தபோது வில்லியம் மார்ஷல் அவருருவைச் செதுக்கினார். அகவை 21 எனச் சித்திரம் கூறுகின்றது. முகமோ முதுமையை எட்டுகின்றது. மில்டன் கிரேக்க மொழியில் நான்கடி எழுதிச் சித்திரத்தின் கீழே சேர்க்கக் கொடுத்தார். இவ்வுருவம் எவருடையதென்று என் நண்பர்களுக்கே தெரியாது, இதைச் செய்தவனைக் கண்டு நகையுங்கள் என்பது அதன் கருத்து. கிரேக்கம் அறியாத மார்ஷல் தம்மைப் பழிக்கும் எழுத்துக்களைத் தம் கையாலேயே செதுக்கினார். எனினும் அதே மார்ஷல்தான் 1649இல், கொலையுண்ட சாள்ஸ் மன்னன் முள்முடி ஏந்தி முழந்தாளிட்டு நிற்கும் முகப்புச் சித்திரத்தைச் செய்தவர். அவ்வாண்டு அரசாங்கச் செயலாளராகிய மில்டன் அந்நூலுக்கு மறுப்பு எழுதியபோது சித்திரத்தையும் சாட வேண்டியிருந்தது. முகம் வரையத் தெரியாதவனின் சித்திரம், பெருங்கவிஞன் எதிர்த்து எழுத வேண்டிய அளவுக்கு நாட்டை உருக்கியது!

இத்துறையில் மிக விசித்திரமான சான்று பியெர் லொம்பார் என்னும் பிரெஞ்சுக்காரர் செய்த தகடு. வான் டைக் 1633இல் வரைந்த, சாள்ஸ் மன்னன் வெள்ளைக் குதிரைமீது வளைவினூடே வரும் பேரோவியம் யாவரும் அறிந்தது. மன்னன் சிரச்சேதத்தின்பின் இலண்டனிலே தொழில் செய்த லொம்பார், அவ்வோவியத்தின் அமைப்பையும் குதிரையையும் எடுத்துக்கொண்டு சேணத்தின்மேல் குறொம்வெல்லை அமர்த்தினார். மன்னனைக் கொல்வித்தவன் மன்னனின் குதிரையிலேயே ஏறிவிட்டான். காலம் மாறியது. தகட்டின் முன்புறத்தைச் சுரண்டி, பின்புறத்தைத் தட்டிச் சமப்படுத்தித் தலை மாற்றப்பட்டது. இத்தகட்டிலிருந்து பெற்ற தாள்களுள் ஒன்றிலே குறொம்வெல், ஒன்றிலே பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி, ஒன்றிலே சாள்ஸ். ஒன்றிலே தலையே இல்லை, கழுத்துக்கு மேல் வெற்றிடம். ஜோர்ஜ் சோம்ஸ் லெயாட் என்பவர் இந்தத் தலையில்லாக் குதிரைவீரனைப் பற்றியே 1922இல் ஒரு நூல் எழுதினார். இங்ஙனம் மாற்றப்பட்ட வேறு தகடுகளையும் திரட்டி 1927இல் ஒரு பட்டியல் நூல் வெளியிடுமளவுக்கு அவை மிகுந்திருந்தன.

இதைக் காட்டி, இச்சித்திரங்கள் வரலாற்றுக்குப் பயன்படா என்று ஒதுக்குவாரும் உளர். அது பொருந்தாது. அரசனுடைய கம்பீரம் என்பது அரசனைச் சேர்ந்ததன்று, குதிரையையும் வளைவையும் சேர்ந்தது என்று அக்காலத்தவர் கருதியதை வேறெந்த ஆவணம் இவ்வளவு வெளிப்படையாகக் கூறுகின்றது? குடியரசாளர் புதிய உருவம் ஒன்றைப் படைக்க முடியாது முடியரசின் உருவத்தையே இரவல் வாங்கினர் என்பதை அவர்தம் துண்டுப்பிரசுரங்கள் ஒப்புக்கொள்ளமாட்டா, இத்தகடு ஒப்புக்கொள்கின்றது.

விதிவிலக்கானவர் வில்லியம் பெய்தோண். அரசர் பக்கம் போரிட்டு, 1645இல் பேசிங் மாளிகை வீழ்ந்தபோது சிறைப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்ட அவர், பாரிசிலே றொபேட் நாந்தெய் என்னும் பேராசானிடம் பயின்று 1650 அளவில் திரும்பினார். நாந்தெய்யின் வழி யாதெனின் ஆடையை அடக்கி முகத்தை எழுப்புவது. 1670இல் பெய்தோண் மில்டனை நேரிற் கண்டு வரைந்து செதுக்கினார். கீழே பட்டமில்லை, புகழ்ச்செய்யுள் இல்லை. பெயர், அகவை 62, ஆண்டு, செதுக்கியவர் பெயர், அவ்வளவே. அரசியலிலே தோற்று, பார்வையிழந்து பதினெட்டாண்டு கழிந்த ஒருவரின் முகத்தில் நுண்கோடுகளும் புள்ளிகளும் சேர்ந்து தசையின் தளர்ச்சியைக் காட்டுகின்றன. கண்களோ தெளிவாகத் திறந்திருக்கின்றன. தம் கண்களிற் புறத்தே பழுது தெரியாது என்று மில்டன் முன்னரே எழுதியிருந்தார். ஆங்கில நாட்டுச் செதுக்குச் சித்திரம் பட்டங்களின் துணையின்றி ஒரு மனிதனைக் காட்டிய இடம் இது.

அடுத்த நூற்றாண்டிலே இவற்றைத் திரட்டும் ஆசை பெருகியது. ஷிப்லேக் என்னும் ஊரின் குருவானவர் ஜேம்ஸ் கிறேஞ்சர் 1769இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுத் தொகுதி, சித்திரங்களைப் பன்னிரு வகுப்பாகப் பிரித்து, அரசரை முதலிலும், ஏதேனும் ஒரு விசேடத்தால் மட்டும் பெயர்பெற்ற கடைநிலை மாந்தரை இறுதியிலும் நிறுத்தியது. முகங்களையும் பிறப்பு வரிசையிலேயே அடுக்கினர்! அவர் நூலில் ஒட்டுவதற்காகப் பிறர் பழைய நூல்களிலிருந்து சித்திரங்களைக் கிழித்தெடுத்தனர். அக்கொடுமைக்கு அவர் பெயரே நிலைத்தது இரங்கத்தக்கது.

அதற்கு முன்னரே, 1743 தொடக்கம், ஆங்கிலப் பெரியோரின் தலைகள் என்னும் ஆடம்பரத் தொகுதி வெளிவந்தது. பெரும்பாலான தகடுகளை அம்ஸ்ரர்டாமிலிருந்த ஜேக்கப் ஹூபிறாக்கன் செதுக்கினார். செதுக்கல் மிக அழகியது. பாடநூல்கள் விரும்பி எடுப்பதும் அதிலிருந்தே. ஆனால் அவர் இலண்டனிலிருந்து அனுப்பப்பட்டவற்றை விசாரியாது செதுக்கினார் என்றும், சமசெட் பிரபுவின் உருவமும் குறொம்வெல்லின் செயலாளர் ஜோன் தேர்லோவின் உருவமும் அவர்களுடையனவே அல்ல என்றும் ஹொறஸ் வோல்போல் கண்டித்தார். தேர்லோ, பிறர் கடிதங்களை இடைமறித்துப் படித்து ஆட்சியைக் காத்தவர். அவருடைய கடிதக்கட்டுகள் இலிங்கன் சட்டக்கழகத்து அறையொன்றின் பொய்க்கூரைக்கு மேலே மறைந்து கிடந்து, மூன்றாம் வில்லியம் காலத்திலே வெளிப்பட்டன. அவற்றை 1742இல் ஏழு பாகங்களாகப் பதிப்பித்தவர் தோமஸ் பேர்ச். அதே பேர்ச்சே ஹூபிறாக்கனின் தொகுதிக்கு வாழ்க்கைக் குறிப்புகளும் எழுதினார். தேர்லோவின் கையெழுத்தைப் பக்கம் பக்கமாக அறிந்த அவருடைய எழுத்து, வேறொருவர் முகத்தோடு அச்சாகியுள்ளது.